மொழி பெயரும் நிலம்

அரபு மொழியில் 'பஸர்' என்றொரு சொல் உண்டு. 'பஸீரத்' என்றொரு சொல்லும் உண்டு. இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை. முன்னது கண்ணின் பார்வை. பின்னது உள்ளத்தின் பார்வை. அவ்வாறே உலகைக் குறிக்கும் 'ஆலம்', அறிவைக் குறிக்கும் 'இல்ம்', அடையாளத்தைக் குறிக்கும் 'அலம்' ஆகிய மூன்றும் ஐன், லாம், மீம் என்னும் மூன்றெழுத்துகளிலிருந்தே பிறக்கின்றன. தமிழிலோ இது இன்னும் சுருக்கமாக அமைந்துவிட்டது. 'பார்' என்றால் உலகம். 'பார்' என்றால் நோக்கு. மதரஸாவில் ஸர்ஃபும் நஹ்வும் ஓதி முடித்த பின்னரே நன்னூலைக் கையிலெடுத்தவன் நான். உலகத்தையும் அதனைக் காணும் செயலையும் இவ்விரு மொழிகளும் இத்துணை நெருக்கத்தில் வைத்திருப்பது அன்று முதல் என்னைத் தொடர்ந்துவரும் வியப்பு.

பார்க்கின்றவன் தன்னை எவ்வாறு பார்க்கின்றான் என்பது வேறொரு வினா. கண் எல்லாவற்றையும் காணும், தன்னைக் காணாது. மனிதன் தன்னை அறிந்துகொள்வது பெரும்பாலும் பிறர் அவனிடம் கேட்கும் கேள்வியின் வாயிலாகவே என்று எனக்குத் தோன்றுகிறது. 'நீ எந்த ஊர், எந்த மொழி, எந்த இனம்?' என்று எவரும் கேளாத வரையில் அவன் பலவாறாகவும் இருந்துகொண்டிருக்கிறான். கேட்ட மறுகணமே அவற்றுள் ஒன்றைப் பொறுக்கி எடுத்துச் சொல்ல வேண்டியவனாகிறான். சொல்லிச் சொல்லி, அந்த ஒன்றே தானென்று நம்பவும் தொடங்கிவிடுகிறான். நான் பிறந்து வளர்ந்து ஆசிரியத் தொழில் செய்துவரும் அரக்கோணமே எனக்கு இதனைக் கற்பித்தது.

அரக்கோணம் என்றதும் வெளியூராருக்கு நினைவில் வருவது இரயில் சந்திப்பு. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி இவ்வழியேதான் சென்றது. இன்று சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கற்பட்டு எனும் நான்கு பக்கத்து இருப்புப் பாதைகளும் இங்கே கூடுகின்றன. 1992 முதல் கடற்படையின் விமானத் தளம் ஒன்றும் உண்டு. கடல் கண்ணுக்கெட்டாத ஊரில் கடற்படை! அதனைச் செய்தித்தாளில் படித்த தூரத்து நண்பர் ஒருவர், 'உங்கள் ஊர்க் கடற்கரை எப்படி?' என்று எனக்குக் கடிதம் எழுதியதும் உண்டு.

இரயில் நிலையத்தில் அனைவரும் கண்ட அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நம் வண்டி நிற்கிறது. அடுத்த பாதையிலும் ஒரு வண்டி நிற்கிறது. சன்னலோரம் அமர்ந்திருக்கும் நாம், நம் வண்டி மெல்ல நகரத் தொடங்கிவிட்டதாக உணர்கிறோம். உடம்பு கூட அதற்கேற்பச் சற்றே சாய்ந்து கொடுக்கிறது. அந்த வண்டியின் கடைசிப் பெட்டி கடந்தபின்தான் நடைமேடைத் தூண் நம் கண்ணுக்குத் தெரிகிறது. தூண் நின்ற இடத்திலேயே நிற்கிறது, நாமும் அப்படியே. நகர்ந்தவர் அவர்.

இத்தகைய மயக்கங்களைப் பற்றி இப்னுல் ஹைஸம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து வைத்திருக்கிறார். 965இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அம்மேதை 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலை ஏழு பாகங்களாக இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளினின்று வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவியவர் அவர். இது பலரும் அறிந்தது. அந்நூலின் மூன்றாம் பாகம் முழுவதும் பார்வையின் பிழைகளைப் பற்றியது என்பதை அறிந்தோர் குறைவு. கண் நேரே பெறுவது ஒளியும் நிறமுமே என்கிறார். தொலைவு, பருமன், அசைவு ஆகியவற்றை அகத்தேயுள்ள தீர்க்கும் ஆற்றலொன்று, முன்பு கண்டவற்றோடு ஒப்பிட்டு, நாம் உணர்ந்துகொள்ள இயலாத விரைவில் முடிவு செய்துவிடுகிறது. ஆகவே நாம் 'கண்டேன்' என்று சொல்வதில் பாதி கண்டது, மீதி தீர்ப்பு.

அவருக்குப் பிந்திய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் அந்திமக் காலத்தில் எழுதிய 'அல் முன்கித்' என்னும் நூலில், ஐம்புலன்களின் மீதே தமக்கு ஐயம் எழுந்த காலத்தை நினைவுகூர்கிறார். நிழலைப் பார்த்தால் அசையாமல் நிற்கிறது. ஒரு நாழிகை கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. விண்மீன் கண்ணுக்கு ஒரு தீனார் நாணயமளவே தெரிகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் பூமியினும் பெரிது. இவ்வாறு கண்ணை அறிவு பொய்யாக்குமாயின், அறிவையும் பொய்யாக்கவல்ல வேறொன்று இருக்காதென்பது என்ன உறுதி என்று கேட்டு, ஏறத்தாழ இரண்டு திங்கள் அவர் தத்தளித்தார். மதரஸாவில் இதனைப் படித்தபோது எங்களில் பலருக்கு இது பெரியோர்க்கு மட்டுமே வரும் நோய் என்று தோன்றியது.

விண்மீனுக்குக் கணக்கு உண்டு. வண்டிக்கு நடைமேடைத் தூண் உண்டு. ஒரு கூட்டம் மக்கள், நாம் யார் என்று தம்மைப் பற்றித் தீர்த்துக்கொள்வதற்குத் தூண் எது? எங்கள் ஊருக்கு வடக்கே உள்ளவர்களுக்கு இது ஏட்டளவில் நின்ற கேள்வியன்று.

அரக்கோணத்தில் ரேணிகுண்டா வண்டியில் ஏறினால் சிறிது நேரத்தில் திருத்தணி. ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளைக் கொண்ட முருகன் மலை வண்டியிலிருந்தே தெரியும். ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து வருவோரில் தமிழ் பேசுவோரும் உண்டு. தெலுங்கு பேசுவோரும் உண்டு. அடுத்து பொன்பாடி. அதனைத் தாண்டினால் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்ற நிலையம். இந்திய இரயில்வேயின் மிக நீண்ட பெயர்களுள் ஒன்று அது. பெயர்ப்பலகையை முழுதும் படித்து முடிப்பதற்குள் வண்டி கடந்துவிடும். பொன்பாடியில் தமிழெழுத்து, இங்கே தெலுங்கெழுத்து. இடையில் மண்ணின் நிறம் மாறவில்லை. வேலிகாத்தான் முள் மாறவில்லை. அப்பக்கத்திலேயே ஏகாம்பரகுப்பம் என்று தமிழ்ப்பெயர் தாங்கிய நிலையமும் இருக்கிறது. வேங்கடத்துக்கு அப்பாலுள்ள நாட்டைச் சங்கச் சான்றோர் 'மொழிபெயர் தேயம்' என்றனர். மொழி வேறாகும் நாடு என்பது பொருள். அச்சொல்லின் அருமை வண்டியில் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். மொழி அங்கே கோடு கிழித்தாற்போல் முடிவதில்லை. ஒரே வீட்டில், ஒரே வாக்கியத்தில், மெல்லப் பெயர்ந்துகொண்டிருக்கிறது.

ஆட்சிக்குக் கோடு வேண்டும். திருத்தணிப் பக்கத்தில் 1900ஐ ஒட்டிப் பிறந்து, 1970 வரை வாழ்ந்த ஒரு குடியானவரை எண்ணிப் பாருங்கள். பிறந்தபோது அவர் வட ஆர்க்காடு மாவட்டத்தார். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது சித்தூர்க்காரர். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஆந்திரர். 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசத்தார். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது செங்கற்பட்டு மாவட்டத்தார். 1969 ஜனவரியில் மாநிலத்தின் பெயர் மாறியபோது தமிழ்நாட்டார். இத்தனைக்கும் அவர் தம் கிணற்று மேட்டை விட்டு நகரவில்லை! அவருடைய பேரப்பிள்ளைகள் 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தார். அரக்கோணத்தாராகிய நாங்களும் 2019இல் வேலூர் மாவட்டத்தினின்று பிரிந்து இராணிப்பேட்டை மாவட்டத்தார் ஆனோம். நான் சொன்ன இரயில் மயக்கம் இங்கே தலைகீழாகிறது. நின்றவர் நின்றபடியே இருக்க, தூணே நகர்ந்துவிட்டது.

இந்நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் பெரியோர் பலரின் உழைப்பும் துயரும் உண்டு. அரக்கோணத்தை அடுத்த புளியமங்கலத்தில் பிறந்த மங்கலங்கிழார், இவ்வட்டாரத்துத் தமிழ் மக்கள் தம் மொழியின் எழுத்தறியாது வளர்வதைக் கண்டு, ஊதியம் கருதாமல் ஊர் ஊராகத் தமிழ் கற்பித்தார். 1953இல் அவர் மறைந்தார். திருத்தணி திரும்பிய நாளைக் காணவில்லை. தமிழரசுக் கழகத்தின் தலைவர் ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டத்தில் சிறை ஏகினார். அப்பாலும் அவ்வாறே, தனி ஆந்திரம் வேண்டி உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர் நீத்தார். பின்னர் பட்டாஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டு, கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்துத் தீர்ப்பளித்தார். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது நடைமுறைக்கு வந்தது. மக்களுக்குத் தெரிந்த மொழியில் ஆட்சி நடக்க வேண்டுமென்று கேட்டது நியாயமே. தெரியாத மொழியில் பட்டாவும் நீதிமன்ற அழைப்பாணையும் பெற்றவர்களுக்குத்தான் அந்த நியாயத்தின் எடை தெரியும்.

ஆயினும் பெரும்பான்மை என்பது ஒரு கணக்கு. நூறு வீட்டில் அறுபது வீடு தமிழென்றால் கிராமம் தமிழ். நாற்பது வீடு அக்கணக்கில் கரைந்துவிடும். அறுபதிலும் நாற்பதிலும் சேராத, அல்லது இரண்டிலும் சேர்ந்த வீடுகளைப் பற்றி அத்தீர்ப்புக்குச் சொல்ல ஒன்றுமில்லை. திருத்தணியில் 1888இல் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் இதற்குச் சிறந்த சான்று. அவர் குடியரசுத் துணைத்தலைவராக இருந்த பத்தாண்டுகளில் (1952-62) அவருடைய பிறந்த ஊர் ஒரு மாநிலத்தினின்று மற்றொன்றுக்குப் போய், மீண்டும் வந்தது. இன்றும் இரு மாநிலத்தாரும் அவரைத் தம்மவர் என்கின்றனர். இருவரும் மெய்யே சொல்கின்றனர்.

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களாகிய எங்களை அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தது ஊரின் புறத்தே திருத்தணிப் பாதையை ஒட்டிய சில தெருக்கள். படிவத்தில் தாய்மொழிக்கு ஒரு கட்டம். தெரிந்த பிறமொழிகள் இரண்டுக்கு இடம். தாய்மொழி என்றால் என்ன என்பதற்கு எங்களுக்கு வகுப்பில் தெளிவான இலக்கணம் தந்திருந்தார்கள். ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரோடு பேசிய மொழியே தாய்மொழி. தாய் குழந்தைப் பருவத்திலேயே இறந்திருப்பின் அவ்வீட்டில் பெரிதும் பேசப்பட்ட மொழி. பேச்சு வாராத குழந்தைக்கும், வாய்பேச இயலாதவருக்கும் தாயின் மொழியையே எழுத வேண்டும். ஒரு சொல்லும் பேசியறியாதவருக்கும் மொழி உண்டு என்று அரசாங்கம் கருதியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு வீட்டுத் திண்ணையில் எண்பதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். என் தாடியையும் தொப்பியையும் பார்த்ததும், "வாங்க பாய், குந்துங்க" என்றார். நான் அவரைக் கணக்கெடுக்கும் முன்பே அவர் என்னைக் கணக்கெடுத்து முடித்துவிட்டார்! 'பாய்' என்பது உடன்பிறந்தான் எனப் பொருள்படும் வடசொல். உருதுவில் அது அன்பு மொழி. எங்கள் தமிழ்நாட்டுத் தெருக்களில் அது ஒரு சமுதாயத்தின் பெயராகிவிட்டது. பெயர், வயது, மணம் எல்லாம் கேட்டெழுதிவிட்டு, "தாய்மொழி என்னம்மா?" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "உங்களுக்கு எது ஓணும் பாய்?" என்று கேட்டார்.

அதில் கேலி இல்லை, பணிவும் இல்லை. உண்மையிலேயே கேட்டார். அவருடைய அம்மா தெலுங்கில் தாலாட்டியவர். அப்பா வீட்டில் தமிழ். மணமுடித்து வந்த இடத்தில் மாமியாருடன் தெலுங்கு, கணவருடன் தமிழ். ஆட்டை ஓட்டுவது தெலுங்கில். சாமி கும்பிடுவது தமிழில். "சின்னப் புள்ளையில ஒரு வாட்டி ஆபீசருங்க வந்து கேட்டாங்கோ. எங்க அப்பா ஒண்ணு சொன்னாரு, எங்க மாமன் ஒண்ணு சொன்னாரு. ராத்திரி ரெண்டு பேருக்கும் சண்டை" என்றார். எல்லைத் தகராறு உச்சத்தில் இருந்த காலம் அதுவாயிருக்கலாம். இலக்கணத்தை அவருக்குப் படித்துச் சொன்னேன். "அப்ப தெலுங்குன்னு போட்டுக்கோங்க" என்றார், போட்டேன். பிறமொழிக் கட்டத்தில் தமிழ் என்று எழுதும்போது, "தமிழு பிற மொழியா?" என்று கேட்டார். படிவத்தில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது.

2011 கணக்கெடுப்பில் இந்தியர்கள் தம் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் மொத்தம் 19,569. அறிஞர்கள் அமர்ந்து அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாக்கினர். பின்னர் 121 மொழிகளுக்குள் தொகுத்தனர். பத்தொன்பதாயிரத்துக்கும் 121க்கும் இடைப்பட்ட தூரத்தில் எத்தனை திண்ணைப் பேச்சுகள் கரைந்திருக்கும்! வேறு சில இடங்களில் இது பேச்சோடு நிற்கவுமில்லை. 1951இல் பஞ்சாபில் ஹிந்தியா பஞ்சாபியா என்ற பூசல் முற்றி, வீட்டில் பஞ்சாபி பேசியோர் பலர் ஹிந்தியெனப் பதிந்தனர். முடிவில் ஹிந்தி, பஞ்சாபி, பஹாடி, உருது அனைத்தையும் ஒன்றாகவே கூட்டிக் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. கேள்வி கேட்கும் கை தராசையும் பிடித்திருந்தால், விடை சொல்பவன் எடையைப் பார்த்தே விடை சொல்வான்.

இனி எங்கள் சமுதாயத்துக்கு வருகிறேன். தமிழ் முஸ்லிம் எவரையும் கேட்டுப் பாருங்கள், வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தப் பாராட்டைப் பெற்றிருப்பார்: "நீங்கள் நன்றாகத் தமிழ் பேசுகிறீர்களே!" சொல்பவர் நல்ல உள்ளத்தோடுதான் சொல்கிறார். நன்னூலும் யாப்பருங்கலக் காரிகையும் மாணவர்க்கு நடத்திவிட்டு வகுப்பறையை விட்டு வெளியே வந்த ஒரு மாலையில், ஒரு மாணவனின் தந்தை எனக்கு இதனைச் சொன்னார். நன்றி கூறினேன். வீடு வந்து சேரும் வரை நெஞ்சில் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. அவர் கண்டது ஒரு தொப்பியை. மீதி அவருடைய தீர்ப்பு.

எம்மவர் பார்வையும் இதற்குச் சளைத்ததன்று. ஆர்க்காட்டு நவாபுகளின் காலம் தொட்டு வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தக்னி உருது பேசும் மக்கள் நிறைந்திருக்கின்றனர். அவர்களிற் சிலருக்கு உருது தெரியாத முஸ்லிம் ஒருபடி குறைந்தவன். அதே தக்னி பேசுவோர் லக்னோவுக்குச் சென்றால், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு அங்குள்ளோர் வாய்விட்டுச் சிரிப்பர். நான் ஓதிய மதரஸாவில் கிதாபு அரபில். உஸ்தாத் அதற்கு விளக்கம் சொன்னது உருதுவில். விளக்கம் விளங்காதபோது நாங்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டது தமிழில். மூன்றில் எதை நீக்கினாலும் எனக்குக் கல்வியில்லை. மக்கா சென்றிருந்தபோது அங்கிருந்த அரபியர்க்கு நான் 'ஹிந்தீ'. என் பக்கத்தில் தொழுத பாகிஸ்தானியர், நான் ஹிந்தீ என்றறிந்ததும் உருதுவில் பேசத் தொடங்கினார். நான் தடுமாறியதைக் கண்டு, 'இந்தியாவில் முஸ்லிமாக இருந்து உருது சரளமாக வாராதா?' என்று வியந்தார். அரக்கோணத்தில் தமிழுக்கு வியப்பு. அங்கே உருதுவுக்கு வியப்பு.

பிறரைத் தம் கண்ணால் காண்பதெல்லாம் தீங்கென்று நான் சொல்ல வரவில்லை. உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை எப்படிப் பாடினார் என்பதை நீங்கள் அறிவீர்கள். மலையில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது, கரும்பும் தாமரையும் செழிக்கின்றன. புலவர்க்கு அரபு நாட்டைத் தெரியாது என்று கேலி செய்வோர் உளர். பாலையின் வெம்மையைப் பாடிய இடங்களும் அதே நூலில் உண்டு என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. தெரிந்தேதான் பாடினார். தம் மக்கள் ஒரு நாட்டை நேசிக்க வேண்டுமாயின் அது அவர்களுக்குத் தெரிந்த வயலும் வாய்க்காலுமாக வர வேண்டுமென்று அவர் கருதியிருக்கலாம். அதுவும் ஒரு மொழிபெயர்ப்பே. வேற்று நாட்டை நம் மருதநிலமாகக் கண்ட அக்கண்ணுக்கும், அடுத்த வீட்டானின் தமிழைக் கண்டு வியக்கும் கண்ணுக்கும் உள்ள தொலைவு பெரிது. ஒன்று அயலைத் தன் வீட்டுக்குள் அழைக்கிறது. மற்றொன்று வீட்டிலிருப்பவனைத் திண்ணைக்கு அனுப்புகிறது.

ஸர்ஃபு ஓதும் மாணவர்க்கு இதனை நான் ஒரு வேர்ச்சொல்லைக் கொண்டு சொல்வதுண்டு. அறிதலைக் குறிக்கும் ஐன், ரா, ஃபா என்னும் வேரிலிருந்து 'தஃரீஃப்' என்ற சொல் வரும். ஒன்றை வரையறுத்தல் என்று பொருள். செய்பவன் ஒருவன், வரையறைக்கு ஆளாவது மற்றொன்று. அதே வேரிலிருந்து 'தஆருஃப்' என்ற சொல்லும் வரும். 'தஃபாஉல்' என்னும் அந்த பாபில் அமைந்த வினையை ஒருவர் தனித்துச் செய்ய இயலாது, இருவரும் செய்ய வேண்டும், ஒருவரையொருவர் அறிந்துகொள்ளல். படிவம், பள்ளிச் சான்றிதழ், தெருவில் விளிக்கும் 'பாய்' எல்லாம் தஃரீஃப். அவை இல்லாமல் ஊர் நடவாது. அந்த மூதாட்டி 'உங்களுக்கு எது ஓணும்?' என்று திருப்பிக் கேட்டாரே, அந்த ஒரு நொடி தஆருஃபுக்கு அருகில் வந்தோம். பின்னர் கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குச் சென்றேன்.

என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். என் தந்தையார் ஆற்காட்டைச் சேர்ந்த உருதுக் குடும்பத்தவர்; தாயார் இப்பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தவர். அக்காலத்தில் இத்தகைய மணம் அரிது. இரு பக்கத்திலும் முணுமுணுப்பு இருந்ததாகச் சொல்வர். என் அண்ணன் எனக்குப் பதினோராண்டு மூத்தவர். மூன்று வயதில் அவரை ஆற்காட்டுக்கு அழைத்துச் சென்று தாதீமாவே வளர்த்தார். நான் அம்மாவிடமே வளர்ந்தேன். ஆயினும் என் பள்ளிச் சான்றிதழில் தந்தையை ஒட்டித் தாய்மொழி உருது என்றே இருக்கிறது. அம்மா அரபுத்தமிழ் படிப்பார். அரபெழுத்தில் எழுதிய தமிழ்ப் பைத்துகளையும் மாலைகளையும் விளக்கு வைத்த பின் இராகத்தோடு ஓதுவார். அண்டை வீட்டுப் பெண்கள் சூழ்ந்திருந்து கேட்பர். அலுவலகங்களில் கையொப்பம் கேட்டால், "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்று கட்டைவிரலை நீட்டுவார். அவ்வாறு சொல்வதில் அவருக்குச் சிறிதும் வருத்தமில்லை. படிப்பு என்பது வேறேதோ என்றும், தாம் நாள்தோறும் செய்வது படிப்பாகாது என்றும் அவர் மனமார நம்பியிருந்தார்.

2011இல் எங்கள் தெருவுக்கு வந்த ஆசிரியரிடம் நான் தாய்மொழி தமிழ் என்றேன். அடுத்த தெருவில் அண்ணன் உருது என்றார். ஒரே தாய்க்குப் பிறந்த இருவருக்கு ஏட்டில் இரு தாய்மொழிகள். செய்தி தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா மறைந்து அப்போது ஏழாண்டு ஆகியிருந்தது. "அம்மாவின் மொழியைத்தானே கேட்கிறார்கள், அண்ணா?" என்றேன். எங்கள் பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் உருதுவிலா தமிழிலா என்று ஜமாஅத்தார் இரு கட்சியாக நின்று மனம் கசந்திருந்த காலமும் அதுவே. அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "காய்ச்சலில் கிடந்த என்னை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் தாதீமா. அவர் எனக்குத் தாய் இல்லையா, தம்பி? அவரை எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்கிறாய்?" என்று கேட்டார். அதனைத் தமிழில்தான் கேட்டார். அவ்வாண்டு ரமலான் வரையில் எங்களிடையே பேச்சு குறைந்தே இருந்தது.

2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அண்ணனுக்கு இப்போது முதுமை மிகுந்துவிட்டது. மாலை வேளைகளில் அவர் வீட்டுக்குச் சென்று அமர்வேன். பழைய பேச்சு வரும்; அந்தப் பேச்சு மட்டும் வராது. சிறு வயதில் பள்ளி விடுமுறைக்கு அவர் ஆற்காட்டிலிருந்து வந்து இறங்கும் காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு "அம்மா!" என்று உரக்க அழைத்தபடியே உள்ளே ஓடுவார். உருது வீடுகளிலும் தாயை 'அம்மா' என்றே அழைப்பர். தமிழ் வீடுகளிலும் அப்படியே. அண்ணன் அன்று அம்மாவை எம்மொழியில் அழைத்தார் என்று நான் இதுவரை அவரைக் கேட்டதில்லை.